பதினேழாவது போன்

மாலை ஆறரைக்கு நான் கொலைகளைத் தொடங்குவேன்.
பெரிய சொல்தான்.
வில்மார் வைத்த சொல் அது.
வேலையை விட்டுப் போனபோது
மேசையையும், கறுத்துப்போன மாத்தே குடுக்கையையும்
இந்தச் சொல்லையும்
எனக்கு விட்டுவிட்டுப் போனான்.

மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
கீழே டயர் கடை, மேலே நாங்கள்.
ஆற்றுக் காற்று ஜன்னலைத் தட்டித் தட்டிப் பார்க்கும்,
உறைந்துபோன திரையை
யாரோ தட்டுவதுபோல.

மேசைமேல் பதினேழு போன்கள்.
விரிசல் விட்டது, பேட்டரி வீங்கியது,
சார்ஜரைப் பிடுங்கினால் மூர்ச்சை போடுவது.
எல்லாவற்றிலும் ஒரே செயலி,
மாத்திரை வேளை சொல்லும் செயலி.
எல்லாவற்றிலும் ஒரே நோயாளி:
பெயர் ப்ருயேபா, குடும்பப் பெயரும் ப்ருயேபா,
சோதனையின் மகள் சோதனை.
பிறந்தது 1900 ஜனவரி ஒன்று.
சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு,
ஒவ்வாமைக் கட்டத்தில்
விரல் போன போக்கில் எழுத்துகள்.

காலையில் அவள் புதிதாகப் பிறக்க வேண்டும்.
ஒன்றும் அறியாமல் வருகிறவர்
எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.
பழைய நினைவு ஒரு துளி மிஞ்சினாலும்
பிழை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கம்பி மாட்டிய போன்களுக்கு
ஒரு வரிக் கட்டளை போதும்.
'வெற்றி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்,
யாருடைய வெற்றி என்று வராது.
மற்றவற்றைக் கையால்தான்.
சின்னத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினால் நடுங்கும்.
அது மட்டுமா,
பக்கத்துக் கடிகாரம், கால்குலேட்டர், வானிலை
எல்லாமே நடுங்கும்.
ஒன்றைத் தேடித்தான் வந்தேன் என்று
அவற்றிடம் எப்படிச் சொல்ல.

தரவும் சேர்ந்து அழியும், சம்மதமா?
சம்மதம்.
இந்த மாதம் மட்டும் முந்நூறு முறை.
கல்யாணத்தில்கூட ஒரே தடவைதான் சொன்னேன்,
அதுவும் பாதிரியார் இரண்டு முறை கேட்ட பிறகு.

பதினேழாவது போன்
பதினோரு மாதமாக இழுப்பறையில் கிடந்தது.
வில்மார் வைத்திருந்தது.
அழித்தேன். அணைத்து எழுப்பினேன்.
மறுபடி நிறுவினேன்.
பெயர் கேட்கும் திரை வந்திருக்க வேண்டும்.

'மீண்டும் வருக, வில்மார்.
இரவு ஒன்பது மணி மாத்திரை பாக்கி.'

ப்ருயேபா இல்லை.
நிஜப் பிறந்த தேதி. நாங்கள் கேக் வெட்டிய தேதி.
ஒவ்வாமை: பென்சிலின்.
மருந்தின் பெயரும் இருந்தது,
அதை இங்கே எழுத மாட்டேன்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில்
இரவு நெடுநேரம் இருப்போம்.
ஒன்பது மணி ஆனால்
"ஒரு நிமிஷம்" என்று கீழே இறங்கிப் போவான்.
சிகரெட் என்று நினைத்தோம்.
நெருப்புக் கேட்டால்
ஒரு நாளும் அவனிடம் இருந்ததில்லை.

இருபேயை அழைத்துக் காட்டினேன்.
திரையைக் கையால் மறைத்துக்கொண்டு
மேல் வரியை மட்டும்.
"இது பிழையே இல்லை" என்றாள்.
செயலி போனாலும் சாவியைப்
போன் தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளுமாம்.
விட்ட குறை தொட்ட குறையெல்லாம் அங்கேதான்.
"முழுசாத் துடைச்சிடு" என்று சொல்லிவிட்டுக்
கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிழைக் குறிப்பில் 'ஒரு பயனர்' என்று எழுதினேன்.
படம் இணைக்கவில்லை.
திரையில் இரண்டு பொத்தான்கள்:
'எடுத்துக்கொண்டேன்.' 'பிறகு நினைவூட்டு.'
வாலென்சியாவில் இப்போது நள்ளிரவு நெருங்கும்.
இரண்டில் எதை அழுத்தினாலும் பொய்.
அழுத்தாமலே துடைத்தேன்.

பன்னிரண்டு நிமிடம் ஆனது.
அதற்குள் குடுக்கையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
போன் எழுந்து
தெரிந்த மொழியிலெல்லாம் வணக்கம் சொன்னது.
எந்த நாடு என்று என்னைக் கேட்டது.

ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினேன்.
டயர் கடை மூடியிருந்தது,
ரப்பர் வாசனை மட்டும் மூடவில்லை.
கையில் சிகரெட் இல்லாமல்
ஒரு நிமிடம் நிற்பது
எவ்வளவு நீளம்.